மாமா மாத்திரையை நிறுத்திய பதினொரு நாட்கள்

போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு, பள்ளி திறப்பதற்கு முன்னால் மகளைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தோம். வழக்கமான வருடாந்திரப் பரிசோதனைதான். வரவேற்பறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த படிவம் அது. குழந்தை கடந்த ஒரு வருடத்தில் வேறு நாட்டில் தங்கியதா? ஆமாம். எத்தனை வாரம்? ஐந்து. குடும்பத்திலோ, நெருங்கிப் பழகியவர்களிலோ யாருக்காவது காசநோய் இருந்ததா?

‘இல்லை’ என்று டிக் போட்டேன். யோசிக்கவே இல்லை. பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், கை தானாகவே எழுதியது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். ஊரில் என் மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் அத்தையோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபோது, அத்தை ஏதோ சொல்லியிருக்கிறாள். “மாமாவுக்கு டிபி வந்து செத்துப் பொழச்சாருன்னு அத்தை சொன்னாங்களே, நீ ஏன் இல்லைன்னு போட்டே?” என்று கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். தமிழ் புரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. இருந்தும் எனக்கு முதுகு வியர்த்தது.

டிக்கை அடித்துவிட்டு ‘ஆமாம்’ என்று போட்டேன். மருத்துவர் எப்போது என்று கேட்டார். 2014, முழுதாகச் சிகிச்சை எடுத்துக் குணமாகிவிட்டது என்றேன். அப்படியானால் அவரால் குழந்தைக்கு ஆபத்தில்லை, ஆனால் ஐந்து வாரம் இந்தியாவில் இருந்திருக்கிறாள், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். செய்தோம். ஒன்றுமில்லை.

காரில் திரும்பும்போது மீதிக் கதையை மனைவியிடம் சொன்னேன். டிபி என்பது பாதிதான், மறுபாதி எச்.ஐ.வி. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது, அதை அத்தைகூடச் சொல்லியிருக்க மாட்டாள். அவர் சாகக் கிடந்ததற்கு என் வாயும் ஒரு காரணம்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. நாமக்கல் பக்கம். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் பெரும்பாலானவை எங்கள் திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்திலிருந்து போகிறவைதான். மாமா அப்படி ஒரு வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் சுற்றிக்கொண்டிருந்தவர். ஊருக்கு வந்தால் எனக்குப் பலாப்பழச் சிப்ஸ் முதல் பம்பரம் வரை ஏதாவது இருக்கும். நான் பொறியியல் சேர்ந்தபோது முதல் செமஸ்டர் கட்டணத்தில் பாதி அவர் கொடுத்தது. எனக்கு மொட்டை போட்டு மடியில் வைத்துக் காது குத்தியவரும் அவர்தான். தாய்மாமன் என்றால் நம்மவர்களிடையே என்ன உரிமை என்று இங்கே பிறந்த உங்களில் சிலருக்கு உங்கள் அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

2014 ஆகஸ்டில் நான் டெக்ஸாஸில் எம்.எஸ். இரண்டாம் வருடம். மாமாவுக்கு இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை சரசரவென்று இறங்கியது. தனியார் கிளினிக் ஒன்றில் ஒரு மாதம் சளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து டிபி என்றார்கள். டிபி என்று தெரிந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்வது நடைமுறை. ஊரில் அந்தப் பரிசோதனை இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அங்கேயிருந்து வெளியே வந்தவர் பேருந்து நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அத்தைக்கும் பையனுக்கும் பரிசோதித்தார்கள். இருவருக்கும் இல்லை. அத்தை மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் அவர் முன்னால் வந்து நிற்கும். எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

விஷயம் தெரிந்தவர்கள் அத்தை, என் அம்மா, அப்புறம் நான். என்னிடம் ஏன் சொன்னார்? “நீ படிச்சவன் மாப்ள. அதுவுமில்லாம அங்க இருக்கறே. யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறே?” வெளிநாட்டில் இருப்பவனிடம் சொன்ன ரகசியம் கிணற்றில் போட்ட கல் மாதிரி. அதோடு இன்னொரு வேலையும் நம் தலையில் விழும், உங்களுக்கும் விழுந்திருக்கும். ஊரில் யாருக்கு என்ன நோய் என்றாலும் “நெட்ல பாத்துச் சொல்லு”. கணினி படித்தவன் எல்லா மருத்துவத்துக்கும் அரை டாக்டர்.

முதலில் டிபி மருந்து ஆரம்பித்தார்கள். அப்போது வாரம் மூன்று நாள் சுகாதாரப் பணியாளர் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். உள்ளூரில் வேண்டாம் என்று பக்கத்து ஊர்த் துணைச் சுகாதார நிலையத்துக்கு மாமா பைக்கில் போய் விழுங்கிவிட்டு வருவார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று பயந்துபோய்க் கேட்டார். நெட்டில் பார்த்தேன், ரிஃபாம்பிசின் அப்படித்தான் செய்யும். சரியாகச் சொன்னேன். அந்த ஒரு சரியான பதில்தான் என்மேல் அவருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கையை உண்டாக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டே வாரத்தில் காய்ச்சல் நின்றது. பசி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கறி தின்றேன் என்றார். மூன்றாவது வாரம் முடிந்து, செப்டம்பர் கடைசியில், ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டுமருந்து ஆரம்பித்தார்கள். ஒரே மாத்திரை, ராத்திரி படுக்கும்போது. அதில் இருந்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்துக்கு விபரீதமான கனவு வரவழைக்கும் குணம் உண்டு. “ராப்பூரா வண்டி ஓட்டறேன் மாப்ள. ரோடே இல்ல, ஓட்டிக்கிட்டே இருக்கேன்,” என்பார்.

பன்னிரண்டாம் நாள் மிஸ்டு கால் வந்தது. எனக்குக் காலை பதினொன்று, அவருக்கு இரவு ஒன்பதரை. திருப்பிக் கூப்பிட்டேன். குரல் கம்மியிருந்தது. காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது, முன்பைவிட அதிகம். கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது, ஒன்று எலுமிச்சம்பழ அளவு. இருமல் கூடிவிட்டது. “டிபி மாத்திரை சாப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்தேன். இந்தப் புது மாத்திரை எடுத்த பின்னாலதான் எல்லாமே. இது ஒத்துக்கல போல. என்ன பண்ணட்டும் சொல்லு.”

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் திடீரென்று கெட்டால், கடைசியாக என்ன மாற்றினாய் என்று கேள். அதை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பு. காரணத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம். ரோல்பேக் என்போம். நூற்றில் தொண்ணூறு தடவை அது சரியான முடிவு. எனக்கு அன்றைக்கு வகுப்பு பதினொன்றரைக்கு. நடந்துகொண்டே அந்த மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியலைப் போனில் பார்த்தேன். காய்ச்சல் இருந்தது, தடிப்பு இருந்தது. போதாதா?

“அந்தப் புது மாத்திரைய மட்டும் நிறுத்துங்க மாமா. டிபி மாத்திரைய விட்டுறாதீங்க. பதினஞ்சாம் நாள் வரச் சொல்லியிருக்காங்கல்ல, அப்ப டாக்டர்கிட்டச் சொல்லிக்கலாம்.”

நான் பேசியது மொத்தம் ஆறு நிமிடம்.

நான் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. மாத்திரையை நிறுத்தியவன் மருத்துவமனைக்குப் போக மாட்டான். போனால் திட்டு விழும். மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே அந்த ஏ.ஆர்.டி. மையத்தின் நடையில் ஊர்க்காரன் யாராவது பார்த்துவிடுவானோ என்ற பயம் வேறு. பதினைந்தாம் நாள் அவர் போகவில்லை. என்னிடம் “போய்ட்டு வந்துட்டேன், பரவால்ல” என்று சொன்னார். நானும் ஒரு அசைன்மென்ட் கெடுவில் இருந்தேன், நம்பினேன்.

மையத்தின் ஆலோசகர் இரண்டு முறை போன் செய்தார். மாமா எடுக்கவில்லை. மூன்றாவது முறை அத்தை எடுத்தாள். அதற்குள் பதினொரு நாள் ஆகியிருந்தது. எச்சில் விழுங்க முடியாமல், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் என் அம்மாவும் அத்தையும் வாடகைக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அன்றிரவு மருத்துவர் ஸ்பீக்கரில் என்னோடு பேசினார். பெண் மருத்துவர், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், அவர் தமிழிலேயே பதில் சொன்னார். மாமாவுக்கும் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்தார் என்பது பிறகுதான் உறைத்தது. “மருந்து ஒத்துக்காம வந்த காய்ச்சல் இல்லைங்க இது. உடம்பு முழிச்சிக்கிட்டதால வந்த காய்ச்சல்,” என்றார்.

அதற்குப் பெயர் ஐரிஸ். ‘நோய் எதிர்ப்பு மீளும்போது வரும் அழற்சி’ என்று தமிழில் சொல்லலாம். விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் சிடி4 என்ற வெள்ளணுக்கள் உண்டு. நுண்கிருமி வந்தால் மற்ற அணுக்களுக்குத் தகவல் சொல்லி அணிதிரட்டுவது அவற்றின் வேலை. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். மாமாவுக்கு 38. எச்.ஐ.வி. தின்று தீர்த்தது போக மிச்சம் இருந்தவை.

அந்த நிலையில் டிபி கிருமி உடம்பு முழுக்கக் கூடாரம் அடித்திருந்தாலும் எதிர்க்க ஆளில்லை. காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம் கிருமி மட்டும் செய்கிற வேலை இல்லை. பெரும்பங்கு உடம்பு அதோடு போராடுவதால் வருவது. போராட ஆளே இல்லாவிட்டால் கழுத்தில் கட்டிகூடப் பெரிதாகத் தெரியாது. ஏ.ஆர்.டி. ஆரம்பித்ததும் வைரஸ் அடங்குகிறது, ஓரிரு வாரங்களிலேயே சிடி4 அணுக்கள் தலைதூக்குகின்றன. எழுந்து பார்த்தால் வீடு முழுக்கத் திருடர்கள். பாதி செத்தவை, பாதி உயிருள்ளவை. செத்த கிருமியின் உடல் துணுக்குகளையும் சேர்த்து விரட்ட ஆரம்பிக்கின்றன, அதுவும் கட்டுமானமில்லாமல், கண்மண் தெரியாமல். பானை சட்டி எல்லாம் உடைகிறது. நிணநீர்க் கட்டிகள் வீங்குகின்றன, நுரையீரல் எக்ஸ்ரே முன்பைவிட மோசமாகத் தெரிகிறது.

எனக்குப் புரிந்தது என் பாணியில்தான். பிழைப் பதிவுகளை அணைத்து வைத்திருக்கும் ஒரு செயலி அமைதியாக ஓடுவது போலத் தெரியும். யாரோ ஒருவர் பதிவை இயக்கி வைத்தவுடன் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் கொட்டும். அப்போது பதிவை இயக்கியவனைக் குற்றம் சொல்லி, அதைத் திரும்ப அணைத்துவிடுவது போன்ற வேலையைத்தான் நான் செய்திருந்தேன்.

டிபி சிகிச்சையில் இருப்பவர் ஏ.ஆர்.டி. தொடங்கும்போது இப்படி நேர்வது அபூர்வமில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் 100 பேரில் சுமார் 18 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில், மூன்று மாதத்துக்குள். சிடி4 மிகக் குறைந்தவர்களுக்கும், டிபி மருந்துக்கும் ஏ.ஆர்.டி.க்கும் இடைவெளி குறைவாக இருப்பவர்களுக்கும் அதிகம். மாமாவுக்கு இரண்டுமே பொருந்தியது. இன்னொரு வகையும் உண்டு. டிபி இருப்பதே தெரியாமல் ஏ.ஆர்.டி. ஆரம்பித்து, அதுவரை சத்தமில்லாமல் இருந்த டிபி படீரென்று வெளியே வருவது. அதனால்தான் எச்.ஐ.வி. மருந்து தொடங்குமுன் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

“இது தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு ஆரம்பிச்சிருக்கலாமே?” என்று மருத்துவரைக் கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நம் தப்பைப் பங்குபோட இன்னொருவர் கிடைப்பாரா என்று பார்க்கும் குணம்.

அவர் கம்போடியா ஆய்வைப் பற்றிச் சொன்னார். பிறகு நான் படித்துப் பார்த்தேன். 2011இல் வெளியானது. சிடி4 200க்குக் கீழே உள்ள 661 டிபி நோயாளிகள். ஒரு பாதிக்கு டிபி மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஏ.ஆர்.டி., மறுபாதிக்கு எட்டாவது வாரத்தில். சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் இரண்டரை மடங்கு அதிகமாக வந்தது. ஆனால் இறந்தவர்கள்? சீக்கிரம் தொடங்கிய 332 பேரில் 59. தாமதமாகத் தொடங்கிய 329 பேரில் 90. காய்ச்சலும் கட்டியும் வராமல் தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியில் வேறொன்று வந்து ஆளையே கொண்டுபோய்விடுகிறது. அந்த எண்களை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று கணக்கில்லை. 59, 90. மாமாவை அந்தத் தொண்ணூறின் பக்கம் தள்ளிவிட்டவன் நான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிபி மூளையுறையைத் தாக்கியிருந்தால் இதே அழற்சி மண்டையோட்டுக்குள் நடக்கும், அங்கே வீங்க இடமில்லை. அவர்களுக்கு மட்டும் ஏ.ஆர்.டி.யைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். எதை எப்போது என்று தீர்மானிப்பது அருகில் இருந்து பார்க்கும் மருத்துவர் வேலை. ஆறு நிமிடப் போன்காலில் ஆகிற வேலை இல்லை.

மாமாவுக்கு முதலில் அவர்கள் செய்தது சந்தேகப்படுவது. ஐரிஸ் என்று சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் அதுவென்று சொல்ல முடியும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபியோ என்று சளியை மாவட்டத் தலைநகர் ஆய்வகத்து இயந்திரத்துக்கு அனுப்பினார்கள். இல்லை என்று வந்தது. கழுத்துக் கட்டியிலிருந்து ஊசி போட்டுச் சீழை எடுத்தார்கள். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே டிபி மருந்து, அதோடு நான் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை மறுபடியும்.

நான் குழம்பினேன். எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு, அதை அடக்கும் ஸ்டீராய்டா? ஆமாம், கொஞ்ச காலம், அளவாக. முழித்துக்கொண்ட காவல்காரனின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 240 பேரிடம் செய்த ஆய்வில், ஐரிஸ் வரக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே நான்கு வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46.7 சதவீதத்தினருக்கு வந்த ஐரிஸ், இவர்களில் 32.5 சதவீதமாகக் குறைந்தது. மாமா படுத்திருந்த நாட்களில் அந்த ஆய்வு முடிந்திருக்கவில்லை. வந்த பின் கொடுப்பது மட்டும்தான் வழக்கம்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எஃபாவிரென்ஸ் ரத்தத்தில் நீண்ட நாள் தங்கும். கூட இருக்கும் மற்ற இரண்டு மருந்தும் சீக்கிரம் வெளியேறிவிடும். சட்டென்று மாத்திரையை நிறுத்தினால் சில நாள் வைரஸ் ஒற்றை மருந்தை மட்டும் எதிர்கொள்ளும். அதை ஏமாற்றக் கற்றுக்கொள்ள அதற்கு நல்ல வாய்ப்பு. அப்படிக் கற்றுக்கொண்டால் அந்த மருந்து இனி வேலை செய்யாது. மாமாவுக்கு அப்படி ஆனதா என்று உடனே பார்க்க வழியில்லை. வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனை அன்றைக்கு எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்பட்டதில்லை. சிடி4 ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆறு மாதம் கழித்து 160. நான் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகைக்கு எடுக்க வரிசையில் நின்றபோது அம்மா சொன்னாள். வரிசையை விட்டு வெளியே போய்க் கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். 2018இல் முதன்முதலாக வைரஸ் அளவு பார்த்தபோது, கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே இருந்தது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவில் எச்.ஐ.வி. பரவாது என்பதும் இன்றைக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். அத்தையிடம் அதை விளக்கிச் சொன்னது அந்த ஆலோசகர்தான். மூன்று முறை போன் செய்தாரே, அவரேதான். ஒருவேளை இரண்டோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

காரில் மனைவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள். “டிபிக்கும் எச்.ஐ.வி.க்கும் இவ்வளவு வெட்கம் ஏன்? கேன்சர்னா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்றீங்க.” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். டிபிக்கு ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் அதே அளவு குணமாகும், கூட இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956இல் ஆரம்பித்த ஆய்வு மையம், சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்ததும் சென்னையில்தான், 1986இல். மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, அவர் பேராசிரியை சுனிதி சாலமன். இரண்டு நோயைப் பற்றியும் உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர்க்காரர்கள் நாம். அப்படியும் நான் அந்தப் படிவத்தில் ‘இல்லை’ என்றுதான் போட்டேன்.

இப்போது ஊரிலிருந்து யாராவது “இந்த மாத்திரை ஒத்துக்கல, நிறுத்தட்டுமா” என்று கேட்டால் நான் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். டாக்டரை எப்போது பார்க்கப்போகிறீர்கள்? இன்றைக்கே ஏன் முடியாது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மையான பிரச்சினை இருக்கும். பஸ் இல்லை, காசில்லை, திட்டுவார்கள், யாராவது பார்த்துவிடுவார்கள். அதைத் தீர்க்க இங்கிருந்தே நிறையச் செய்யலாம். கார் ஏற்பாடு செய்யலாம், கூடப் போக ஆள் அனுப்பலாம். எச்.ஐ.வி. பற்றி என்றால் இந்தியாவுக்குள் எங்கிருந்தும் 1097க்குக் கட்டணமில்லாமல் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்கு 2014இல் தெரிந்திருந்தால் அந்த ஆறு நிமிடம் வேறு மாதிரி போயிருக்கும். ஒரு டாக்சிக்கு இரண்டாயிரம் ரூபாய் அனுப்புவது எனக்கு அப்போதும் கஷ்டமில்லை.

மகளுக்கு எவ்வளவு சொல்வது என்று நானும் மனைவியும் ஒத்துப்போகவில்லை. என் இடது தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பைத் தொட்டுப் பார்த்து “இது என்னப்பா, எனக்கு ஏன் இல்ல?” என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்கிறாள். உங்கள் அப்பா அம்மா ஊரில் பிறந்தவர்கள் என்றால் அவர்கள் தோளிலும் இருக்கும், பாருங்கள். டிபிக்கான தடுப்பூசி, இந்த நாட்டில் குழந்தைகளுக்குப் போடுவதில்லை என்று சொன்னேன். டிபி என்றால்? சொன்னேன். உனக்குத் தெரிந்த யாருக்காவது வந்ததா? ஊர்த் தாத்தாவுக்கு வந்தது, சரியாகிவிட்டது என்றேன். என் மாமா அவளுக்குத் தாத்தா முறை. அதுவரைதான் இப்போதைக்கு. மனைவிக்கு முழுவதும் சொல்லிவிடலாம் என்று. பத்து வயதாகட்டும் என்று நான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு மருத்துவமனையில் சேர்த்தபோது அந்த மருத்துவர் மாமாவைக் கேட்டிருக்கிறார், “மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?” மருத்துவர் கோபமாக இருந்தாராம். அம்மா, அத்தை இருவருக்கும் தெரியும். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா, “நானாத்தானுங்க நிறுத்துனேன். யாரும் சொல்லல,” என்றிருக்கிறார். விழுங்கக்கூட முடியாத தொண்டையோடு. இதை அத்தை ஆறு வருடம் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் எனக்குச் சொன்னாள். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை முயன்றிருக்கிறேன். இரண்டு முறையும் பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டார்.

இதை எழுதலாமா என்று போன வாரம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரு போடாத. ஊர்ப் பேரும் வேண்டாம். மாவட்டம் போட்டுக்க, மாவட்டம் பெருசு.”

“நான் நிறுத்தச் சொன்னதையும் எழுதறேன் மாமா.”

“அத எதுக்கு?” என்றார். பிறகு, “சரி, உன் இஷ்டம்.”

அங்கே ஒன்பது மணி ஆகிவிட்டது போல. அத்தை ஏதோ சொல்வது கேட்டது, சொம்பு வைக்கும் சத்தம் கேட்டது. சில வருடம் முன்பு எல்லோருக்கும் மாத்திரையை மாற்றிவிட்டார்கள், எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெக்ராவிர். விழுங்கிவிட்டுத் திரும்ப வந்தார்.

“இந்தப் புது மாத்திரைல கனவே வர்றதில்ல மாப்ள,” என்றார். “வண்டி ஓட்டறதே மறந்துரும் போல இருக்குது.”